கூரையில் செருகிய சாம்பல்

போன மாதம் ஒரு கல்யாணத்தில் என் தம்பி மறுபடியும் அந்தக் கதையை எடுத்துவிட்டான். பந்தி முடிந்து எல்லோரும் வெற்றிலை போட்டுக்கொண்டிருந்த நேரம். "எங்க அத்தை ஒருத்தி இருந்தா, அடுப்பத்தைன்னு பேரு" என்று ஆரம்பித்து, அடுப்பு அணைந்ததா என்று பார்க்க அவள் எப்படி எழுந்து எழுந்து போவாள் என்பதை நடித்தே காட்டினான். சின்னப் பிள்ளைகள் சிரித்தார்கள், அவர்களை விடுங்கள். நம் வயதுக்காரர்கள், அவளைக் கண்ணால் பார்த்தவர்கள், நீங்களும் பொக்கை வாயைத் திறந்து சிரித்தீர்கள். எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. அங்கேயே நாலு வார்த்தை கேட்டிருப்பேன். கல்யாண வீட்டில் கிழவி சண்டை போட்டாள் என்று பேர் வரக் கூடாதே என்று வாயை மூடிக்கொண்டு வந்துவிட்டேன். அதனால்தான் இதை எழுதுகிறேன். சிரித்தவர்கள் எல்லோரும் ஒழுங்காக உட்கார்ந்து படியுங்கள்.

அத்தை என் அப்பாவின் கடைசித் தங்கை. செலியமேட்டுப் பக்கம் எங்கள் ஊர். அவளைக் கொடுத்தது வில்லியனூர் தாண்டி ஒரு ஊரில். பாண்டியைப் பிரெஞ்சுக்காரன் ஆண்ட காலம். எனக்கு ஒன்பது வயது. ஒரு தை மாதத்தில், கொல்லையில் கரும்பு வெட்டு நடந்துகொண்டிருந்தபோது, அவளைக் கட்டிய மாமா அவளை மாட்டு வண்டியில் கொண்டுவந்து இறக்கினார். கூட ஒரு துணி மூட்டை. பிள்ளை இல்லை.

"புள்ள எங்க வூட்லயே இருக்கட்டும். இவளுக்குச் சரியானதும் வந்து கூட்டிம்போறோம்" என்றார் மாமா. தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. வண்டியைத் திருப்பிவிட்டார்.

அந்தப் பிள்ளைக்கு ஒன்றரை வயது, பால் மறக்காத பிள்ளை. முதல் பத்து நாள் அத்தையின் புடவை முன்பக்கம் நனைந்தே இருந்தது. அம்மா மல்லிகைப் பூவை அரைத்துக் கட்டிவிட்டாள். நான் அந்தப் பூவை மோந்துபார்த்துவிட்டு, தலையில் வைக்காமல் ஏன் மார்பில் கட்டுகிறார்கள் என்று கேட்டேன். பால் வற்றத்தான் என்று பின்னால்தான் தெரிந்தது.

அவளுக்கு என்ன "சரியில்லை" என்பது ஒரு வாரத்தில் எனக்குத் தெரிந்துவிட்டது. சமையல் முடிந்ததும் விறகை வெளியே இழுப்பாள். நெளிந்துபோன ஒரு பித்தளைச் சொம்பில் தண்ணீர் மொண்டு வந்து தெளிப்பாள். சுர்ரென்று சத்தம் வரும், ஈரச் சாம்பல் வாசனை மூக்கில் ஏறும். சத்தம் நின்ற பிறகு புறங்கையைச் சாம்பலில் அழுத்திப் பார்ப்பாள். "அணைஞ்சிது" என்று மூன்று தடவை சொல்லுவாள். வாசற்படி வரைக்கும் வருவாள். அங்கே நின்றுவிடுவாள். முகம் மாறும். திரும்பிப் போய் மறுபடியும் சொம்பு, தண்ணீர், புறங்கை. சுர்ரென்று சத்தம் வருவதற்கு அடுப்பில் ஒன்றுமே மிச்சமில்லாதபோதும் அப்படித்தான். அந்தப் புறங்கை முழுக்கப் பழைய கொப்புளத் தழும்புகள்.

எப்படி வந்தது என்று அவளே ஒரு நாள் சொன்னாள். நெல் குத்திக்கொண்டிருந்தோம். போன சித்திரையில் அவள் மாமியார் வீட்டுத் தெருவில் தீப்பிடித்து வரிசையாகக் கூரைகள் எரிந்தன. தீ பிடித்தது தெருவின் அந்தக் கோடியில், இவர்கள் வீடு இந்தக் கோடியில். ஆனாலும் விசாரிக்க வந்தவன் ஒவ்வொரு வீட்டுப் பெண்ணாகக் கூப்பிட்டுக் கேட்டிருக்கிறான்.

"அடுப்ப அணைச்சியான்னு கேட்டான். அணைச்சேன்னேன். நிச்சயமா அணைச்சியான்னான். அணைச்சேன்னேன். சாமி மேல சத்தியமா சொல்லுவியான்னான். அப்பத்தாண்டி எனக்கு நாக்கு ஒட்டிக்கிச்சி. அன்னையிலேர்ந்து அவன் கேட்டது காதுலயே நிக்கிது."

"இப்பதான் அணைஞ்சி போச்சே அத்த, நீயே பாத்தியே."

"எனக்கே தெரியுது அணைஞ்சிதான் கெடக்குதுன்னு. பைத்தியக்காரிக்குத் தான் பைத்தியம்னு தெரியாதுன்னு சொல்றாங்க. எனக்குத் தெரியிதேடி. தெரிஞ்சும் வுட மாட்டேங்குதே."

இதை ஒன்பது வயதுப் பெண்ணிடம் சொன்னாள். பெரியவர்கள் ஒருவராவது உட்கார்ந்து "உனக்கு இன்னாடி பண்ணுது" என்று கேட்டிருந்தால் அவர்களிடமும் சொல்லியிருப்பாள். கேட்கவில்லை. மாமியார் வீட்டில் அது திமிர். எங்கள் வீட்டில் அது வேலைக்குப் பயந்து போடும் நாடகம். பூசாரிக்கு அது காத்து சேஷ்டை. வேப்பிலையால் அடித்தார், மிளகாய்ப் புகை போட்டார். இருமி இருமிக் கண் சிவந்து உட்கார்ந்திருந்தவள், அந்தப் புகை போட்ட சட்டி அணைந்ததா என்றுதான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

தெருப் பெண்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். கரும்பு வெட்டு நடக்கும் காலத்தில் எல்லோரும் விடிந்ததும் கரும்புக் கொல்லைக்குப் போய்விடுவார்கள். கூரை முழுக்கக் காய்ந்த கரும்புச் சோகை, கீழே அடுப்பு. யாருக்குத்தான் பயம் இருக்காது? "நீ வூட்லதான இருக்க, எங்க வூட்டு அடுப்பையும் ஒரு பார்வ பாத்துக்க" என்று ஏழு வீட்டுக்காரிகள் அவளிடம் சொல்லிவிட்டு நிம்மதியாகப் போனார்கள். அவள் ஏழு வீட்டுக்கும் சொம்பைத் தூக்கிக்கொண்டு மதியம் வரைக்கும் அலைந்தாள். சாயங்காலம் திரும்பி வந்து "அடுப்பத்தை, இன்னிக்கு எத்தினி சொம்பு ஊத்தின" என்று சிரித்தவர்களும் அதே ஏழு பேர்தான். அந்தப் பேரை வைத்ததே அவர்கள்தான். இன்றைக்கு என் தம்பி அதைச் சொல்லிக் கைதட்டு வாங்குகிறான்.

எனக்கும் அதில் பங்கு உண்டு, மறைக்கவில்லை. "கண்ணு நல்லா தெரியிற புள்ள நீ. பாத்து சொல்டி, அணைஞ்சிருக்கா?" என்று கேட்பாள். நான் எட்டிப் பார்த்து "அணைஞ்சிருக்கு அத்த" என்பேன். அவள் முகம் தெளியும். மடியில் கட்டி வைத்திருக்கும் வேர்க்கடலையில் நாலு எடுத்துக் கொடுப்பாள். நான் அதை உரித்துத் தின்று முடிப்பதற்குள் மறுபடியும் கேட்பாள். ஒரு நாளைக்கு ஐம்பது தடவைகூடச் சொல்லியிருக்கிறேன். ஊரிலேயே அவளுக்கு உதவுகிறவள் நான் ஒருத்திதான் என்று பெருமை வேறு.

சித்திரையில் எங்கள் ஊர் திரௌபதி அம்மன் கோயிலில் தீமிதி. காப்புக் கட்டுவதற்கு முந்தின நாள் அப்பாவும் பூசாரியும் மாமாவும் எங்கள் களத்தில் உட்கார்ந்து பேசி முடித்துவிட்டார்கள். அத்தை நெருப்பு மிதிக்க வேண்டும், நெருப்புப் பயம் நெருப்பில் இறங்கினால் தெளிந்துவிடும். இதுதான் முடிவு. மாமா வாயால் அவருடைய அம்மா ஒரு நிபந்தனையும் சொல்லி அனுப்பியிருந்தாள். தீமிதிக்குப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வருவார்கள். மறுநாள் மதியச் சாப்பாடு முடிகிற வரைக்கும் அத்தை அடுப்புப் பக்கம் திரும்பாமல், அடுப்பைப் பற்றி வாயைத் திறக்காமல் இருந்துவிட்டால், அவளும் வண்டியில் ஏறலாம். இல்லாவிட்டால் மாமாவுக்கு வேறு இடத்தில் பெண் பார்த்தாயிற்று.

மூன்று ஆம்பிளைகளும் பேசினார்கள். அத்தை பத்தடி தள்ளி மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தாள். அவளை ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் ஒன்று தெரிந்திருக்கும். அவளுக்கு நெருப்பு என்றால் பயமே இல்லை. கொதிக்கிற சாம்பலில் கையை வைக்கிறவளுக்கு என்ன பயம்? அணைந்த அடுப்புதான் அவளுக்குப் பயம். இதுகூடத் தெரியாமல் வைத்தியம் பார்த்தார்கள்.

காப்புக் கட்டிய பத்து நாளும் அவள் மஞ்சள் புடவையோடு கோயிலிலேயே இருந்தாள். அங்கே சமைப்பது வேறு ஆட்கள், அவள் கையில் அடுப்பு இல்லை. முகம் கொஞ்சம் தெளிந்தது. "பாத்தியா, அம்மா குணப்படுத்திட்டா" என்று அப்பா கண்ணைத் துடைத்துக்கொண்டார். தீமிதி அன்று சாயங்காலம் அவள் குழியில் இறங்கி, வயல் வரப்பில் நடப்பதுபோல நடந்து ஏறினாள். அவசரம்கூட இல்லை. அந்தப் பக்கம் மாமியார் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றாள். அவளுடைய வீட்டுக்காரர் கப்பலேறிச் சைகோன் போய்ச் சம்பாதித்து வந்தவர். அந்தப் பவுசில் கழுத்து நிமிர்ந்தேதான் நிற்பாள். அத்தை கையை நீட்டினாள். "நாளைக்கு ஆவட்டும்" என்றாள் மாமியார்.

எங்கள் ஊரில் இன்னொரு வழக்கம் இருந்தது. தீமிதி முடிந்ததும் குழியில் பாலும் தண்ணீரும் ஊற்றி ஆற்றிவிடுவார்கள். மறுநாள் காலையில் அந்தச் சாம்பலைக் கூடையில் அள்ளி வீட்டுக்கு ஒரு கை கொடுப்பார்கள். அதை வாழைச் சருகில் மடித்து, வாசலுக்கு மேலே கூரையில் செருகிவிட வேண்டும். வருஷம் முழுக்க அந்த வீட்டை நெருப்பு அண்டாது என்று நம்பிக்கை. அப்பாவும் அன்று காலை பக்தியாக வாங்கி வந்து, உரல் மேல் ஏறிச் செருகினார். நெருப்புக் குழியில் அள்ளிய சாம்பல், காய்ந்த கரும்புச் சோகைக்குள். ஊரில் அத்தனை கூரையிலும். அதுவும் அவளை வாசலுக்கு நேரே உட்கார வைத்துவிட்டு. யாருக்கும் தோன்றவில்லை. அவர்களைப் பொறுத்தவரை அவளுக்குத்தான் குணமாகிவிட்டதே.

அன்று காலை மாமியார் மனசு கொஞ்சம் இளகியிருந்தது. பிள்ளையை அத்தை மடியில் விட்டிருந்தாள். அவன் முதலில் சிணுங்கினான், அப்புறம் அவள் தாலிக் கயிற்றைப் பிடித்து விளையாட ஆரம்பித்தான். அத்தையின் கண் மட்டும் மேலே கூரைக்குப் போகும், பிள்ளையிடம் வரும், மறுபடியும் மேலே போகும். எழுந்திருக்கவில்லை. ஒரு கை பிள்ளையைப் பிடித்திருந்தது, இன்னொரு கையைத் தன் தொடைக்கு அடியில் போட்டு அதன் மேல் உட்கார்ந்திருந்தாள். நெற்றியெல்லாம் வேர்வை. காலையிலிருந்து உச்சி வரைக்கும் அப்படியே உட்கார்ந்திருந்தாள். அவள் அன்று பட்ட பாட்டில் கால்வாசி பட்டவர்கள் நம் குடும்பத்தில் ஒருத்தரும் இல்லை. கல்யாணத்தில் நடித்துக் காட்டியவனுக்கு இது தெரியுமா? அவன் அப்போது தொட்டிலில் கிடந்தான்.

மாமியார் வீட்டார் சாப்பிட்டதும் கிளம்ப வேண்டும். வழியில் இங்கிலீஷ்காரன் எல்லை ஒரு துண்டு வரும், சாவடியில் மூட்டையெல்லாம் பிரித்துப் பார்ப்பார்கள், இருட்டுவதற்குள் தாண்டியாக வேண்டும். வண்டியில் அத்தையின் துணி மூட்டை ஏறிவிட்டது. களத்தில் பந்தல் நிழலில் இலை போட்டு எல்லோரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். அத்தை என்னைப் பக்கத்தில் கூப்பிட்டாள். உதடு அசையாமல் கேட்டாள்.

"செருகுறப்ப தொட்டுப் பாத்தாங்களாடி? ஆறியிருந்திச்சா? ஒரே ஒரு தரம் சொல்டி. அப்புறம் கேக்க மாட்டேன்."

அன்று விடிந்ததுமே அம்மா என்னிடம் சொல்லி வைத்திருந்தாள். "அத்த எதையாச்சும் பாக்கச் சொன்னா பதில் சொல்லாத. நேரா எங்கிட்ட வந்து சொல்லு." அம்மா சொன்னதைச் செய்கிற நல்ல பெண் நான். விடுவிடுவென்று பந்தலுக்குப் போனேன். அம்மா மாமியாருக்கு மோர் ஊற்றிக்கொண்டிருந்தாள்.

"யம்மா, கூரையில சொருவின சாம்பல்ல நெருப்பு இருக்கான்னு அத்த கேக்குறாங்க" என்றேன். எல்லோருக்கும் கேட்கும்படி, கணீரென்று.

மாமியார் இலையை மூடினாள். கை கழுவிக்கொண்டு வந்து, அத்தை மடியிலிருந்து பிள்ளையைத் தூக்கினாள். அவன் தாலிக் கயிற்றை விடவில்லை. விரலை ஒவ்வொன்றாகப் பிரித்து எடுத்தாள்.

"கேக்கத்தான கேட்டேன், எழுந்திரிக்கலையே. நான் எழுந்திரிக்கவே இல்லையே" என்றாள் அத்தை. மாமாவைப் பார்த்து, அப்பாவைப் பார்த்து, அம்மாவைப் பார்த்து இதையே சொன்னாள். மூன்று பேரும் தலையைக் குனிந்துகொண்டார்கள். மாமா வண்டியிலிருந்து துணி மூட்டையை இறக்கி வைத்தார்.

வண்டி தெருமுனை திரும்பின பிறகுதான் அவள் எழுந்தாள். உரல் மேல் ஏறி, சருகு மடிப்பைக் கூரையிலிருந்து உருவி, உள்ளங்கையில் கொட்டிப் பார்த்தாள். சில்லென்று ஆறிப்போன சாம்பல். "ஆறித்தான் இருக்குது" என்றாள். பிறகு பக்கத்து வீட்டுக் கூரையைப் பார்த்தாள். அம்மன் சாம்பலைக் கீழே கொட்டிவிட்டாள் என்று அப்பா அறைந்தார். தெருவே கூடி வேடிக்கை பார்த்தது. பிள்ளையைப் பிடுங்கிக்கொண்டு போனபோது இந்தக் கோபம் ஒருத்தருக்கும் வரவில்லை, ஒரு பிடி சாம்பலுக்கு வந்தது.

அதற்குப் பிறகு கொல்லையில் அவளுக்கு ஒரு கொட்டாய் போட்டுக் கொடுத்தார்கள். அடுப்பு இல்லாத கொட்டாய். அடுப்பே இல்லாவிட்டால் தொல்லையே இல்லை என்று அப்பாவின் கணக்கு. வீட்டிலிருந்து ஆறிய சோறு போகும். அவள் வெளியே நின்று மற்ற வீட்டுக் கூரைகளைப் பார்த்துக்கொண்டே பன்னிரண்டு வருஷம் இருந்தாள். எனக்குத் தலைப்பிரசவம் நடந்த மாதம் செத்துப்போனாள். ஆள் அனுப்பிச் சொன்னதும் பிள்ளை வந்தான், மீசை அரும்பிய பையன். அந்தத் தீமிதிக்குப் பிறகு அவன் அவளைப் பார்த்தது அன்றைக்குத்தான், கொள்ளி வைக்க. அந்தச் சொம்பை நான் கேட்டேன். ஈயம் பூச வந்தவனிடம் எப்போதோ போட்டுவிட்டதாக அம்மா சொன்னாள்.

இனி என் கதை. எங்கள் வீட்டுக்காரர் போன பிறகு எனக்கும் அது வந்தது. கேஸ் அடுப்பு. திருகியை மூடிவிட்டுத் தெருமுனை போவேன், திரும்புவேன். ஒரு தடவை பஸ்ஸிலிருந்து பாதி வழியில் இறங்கி நடந்தே வந்தேன். திருகியைத் தொட்டுத் தொட்டுக் கட்டைவிரல் காய்த்துப்போனது. "மூடியிருக்காம்மா பாரு" என்று மருமகளைக் கேட்டுக் கேட்டு அவள் உயிரை வாங்கினேன். அத்தையின் ஞாபகம் வந்து பயத்தில் ஒரு நாள் வாய்விட்டு அழுதேன். மருமகள்தான் பாண்டிக்கு டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனாள்.

அந்த டாக்டர் சின்னப் பெண், என் பேத்தி வயது இருக்கும். நான் ஒரு மணி நேரம் பேசினேன், நடுவில் வாயே திறக்காமல் கேட்டாள். பிறகு, "இதுக்கு எண்ணச் சுழற்சி நோய்னு பேரு. நிறைய பேருக்கு இருக்கு. மாத்திரை இருக்கு, பயிற்சியும் இருக்கு" என்றாள். காய்ச்சல், மூட்டு வலி என்று சொல்வதுபோலச் சாதாரணமாகச் சொன்னாள். எனக்கு வந்த ஆத்திரத்தை என்ன சொல்ல. ஒரு பேர்கூட இல்லாமல் ஒருத்தியைச் சாகடித்தோமே.

பயிற்சி இதுதான். திருகியை ஒரு தடவை மூட வேண்டும். திரும்பிப் பார்க்காமல் வாசலுக்கு வந்து உட்கார வேண்டும். நெஞ்சு அடித்துக்கொள்ளும், அடித்துக்கொள்ளட்டும் என்று இருக்க வேண்டும். அது தானாக இறங்கும். அடுத்த வாரம் தெருமுனை, அதற்கடுத்த வாரம் கடைத்தெரு. மருமகளுக்கும் ஒரு கட்டளை. "மூடியாச்சும்மா" என்று ஆறுதல் சொல்லக் கூடாது, ஒரு தடவை சொன்னால் நோய் இன்னொரு தடவை கேட்கும். பதில் சொல்லாமல், பக்கத்தை விட்டும் போகாமல் உட்கார்ந்திருக்க வேண்டும்.

இதைத் தம்பியிடம் போனில் சொன்னேன். "அப்ப நாம பண்ணதும் அதான. பயத்துலயே எறக்கி வுட்டுத் தெளிய வெக்கிறது. தீமிதியும் அதான்க்கா" என்றான்.

அடப்பாவி. என்னை டாக்டர் கேட்டுக் கேட்டு, என் சம்மதத்தோடு, படிப்படியாக இறக்கினாள். மருமகள் என் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். அத்தையிடம் யார் சம்மதம் கேட்டது? யார் பக்கத்தில் உட்கார்ந்தது? பெற்ற பிள்ளையைப் பணயம் வைத்து, எப்போது தோற்பாள் என்று சுற்றி நின்று பார்த்தார்களே, அதற்கு வைத்தியம் என்று பேர் வைக்காதே என்று சொல்லிவிட்டு போனை வைத்தேன். அதற்குப் பிறகுதான் கல்யாணத்தில் அவன் மறுபடியும் நடித்துக் காட்டியது.

ஆனால் டாக்டர் சொன்னதில் ஒன்று மட்டும் என்னைத் தூங்கவிடுவதில்லை. பதில் சொல்லாதே என்று அம்மா அன்றைக்குச் சொன்னாளே, அது சரி. ஒன்றும் தெரியாமலே பாதி வைத்தியத்தை அவள் சொல்லியிருக்கிறாள். மீதிப் பாதி, அத்தை பக்கத்தை விட்டு நான் எழுந்திருக்காமல் இருந்திருக்க வேண்டும். அவ்வளவுதான். வாயை மூடிக்கொண்டு, அவள் கையைப் பிடித்துக்கொண்டு, அவர்கள் மோர்ச் சோறு சாப்பிட்டு முடிக்கிற நேரம். அந்த நேரம் மட்டும் நான் உட்கார்ந்திருந்தால் அவள் பிள்ளையோடு வண்டியில் போயிருப்பாள். ஒன்பது வயதுப் பெண்ணுக்கு என்ன தெரியும் என்பீர்கள். நானும் அப்படித்தான் எனக்குச் சொல்லிக்கொள்கிறேன். மனசு கேட்க மாட்டேன் என்கிறது.

இன்று காலையும் கடைக்குக் கிளம்பினேன். திருகியை மூடினேன், ஒரு தடவை. கதவைப் பூட்டினேன். வாசலில் அந்தக் குரல் வந்தது. "அணைஞ்சிருக்காடி? ஒரே ஒரு தரம் பாத்து சொல்டி." இது என் நோயின் குரல் என்று டாக்டர் சொல்லுவாள், எனக்கு அது அத்தையின் குரலாகத்தான் கேட்கிறது. நான் திரும்பிப் பார்க்கவில்லை. ஐம்பது தடவை சொன்ன பதிலை இப்போது சொல்வதில்லை.

"தெரியல அத்த" என்றேன். "நான் இங்கதான் இருக்கேன், வா, போவலாம்."